தீப்பெட்டிக்குள் ஒரு கார்

பொருள்களைத் தொகுத்து வைக்கும் ஆர்வம் மாந்தர்க்கு இளமையிலேயே தோன்றிவிடுகிறது. ஆற்றங்கரையில் பொறுக்கிய கூழாங்கல்லும், தெருவில் கிடந்த வண்ணத்தாளும் சிறுவனுடைய பையில் பெருஞ்செல்வமாக இடம்பெறுகின்றன. அகவை ஏற ஏற அவ்வார்வம் ஓர் ஒழுங்கைப் பெறுகிறது. ஒருவர் அஞ்சல்தலைகளைத் தொகுக்கின்றார்; மற்றொருவர் பழங்காசுகளைத் தேடுகின்றார்; சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் பரவிய தீப்பெட்டிப் படங்களைத் திரட்டுவோரும் உளர். இவற்றைப் போன்ற மற்றொரு தொகுப்புக்கலை, மோட்டார்க் கார்களின் சிற்றுருவங்களைத் திரட்டுவதாகும்.

சிற்றுருவம் என்பது யாது? விளையாட்டுப் பொம்மை வேறு, சிற்றுருவம் வேறு. ஒரு கூண்டும் அதனடியில் நான்கு சக்கரங்களும் இருந்தால் அது கார்ப்பொம்மை ஆகிவிடும். குழந்தையும் அதனைக் கார் என்றே கொண்டு மகிழும். சிற்றுருவமோ அவ்வளவில் அமைவதன்று. மெய்யான கார் ஒன்றின் நீளம், அகலம், உயரம், சக்கரங்களுக்கு இடையேயுள்ள தொலைவு, கதவின் வளைவு, விளக்கின் வட்டம் ஆகிய அனைத்தும் ஒரே விகிதத்தில் குறைக்கப்பட்டிருத்தல் வேண்டும். நாட்டின் படத்தை வரைவோர் ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு மலையையும் ஆற்றையும் தாளில் அடக்குகின்றனர் அல்லரோ? அவ்வாறே ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு காரைக் கைக்குள் அடக்குவதே சிற்றுருவக் கலையாகும்.

இக்கலையில் தேர்ந்தவர்கள் உலகிலுள்ள எல்லாக் கார்களையும் திரட்ட முயல்வதில்லை. அது முடிவில்லாத வேலை. பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வகைக் காரைத் தேர்ந்துகொண்டு, அதன் வரலாற்றை அறிந்து, அதன் வடிவங்களை மட்டும் தேடுகின்றனர். பந்தயக் கார்களை நாடுவோர் உண்டு. செல்வர்கள் ஏறிய ஆடம்பரக் கார்களை நாடுவோரும் உண்டு. ஆயினும் பிரிட்டனில் நடுத்தரக் குடும்பத்தினர் ஏறிச் சென்ற எளிய கார்களின்மேல் பலர் பேரன்பு கொண்டுள்ளனர். அத்தகைய கார்களுள் ஒன்று நம் நாட்டிற்கு வந்து, நம் நாட்டுக் காராகவே மாறிவிட்டது. அதன் வரலாறு அறியத்தக்கது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மாரிஸ் என்பவர் மிதிவண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் தம் வாழ்க்கையைத் தொடங்கினார். 1913ஆம் ஆண்டில் அவர் தம் முதல் காரைச் செய்து வெளியிட்டார். தம் ஊரின் பெயரையும் சேர்த்து அதற்கு மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வைத்தார். பின்னாளில் அப்பெயரில் பல வடிவங்கள் தோன்றின. 1948இல் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறிஞர் வடிவமைத்த மாரிஸ் மைனர் என்னும் சிறிய கார் அதே நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் அதுவேயாகும். பெரிய குடும்பத்தினர்க்கு ஆக்ஸ்போர்டும், சிறிய குடும்பத்தினர்க்கு மைனரும் என இவ்விரண்டும் அந்நாட்டுத் தெருக்களில் நீங்கா இடம்பெற்றன.

மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசைக் கார் 1956ஆம் ஆண்டில் வந்தது. 1942இல் பிர்லா குடும்பத்தினர் நிறுவிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் என்னும் நிறுவனம், கல்கத்தாவை அடுத்து ஊக்ளி ஆற்றின் கரையிலுள்ள உத்தர்பாராவில் தன் ஆலையை அமைத்திருந்தது. மூன்றாம் வரிசைக் காரைச் செய்யும் உரிமையையும் கருவிகளையும் அந்நிறுவனம் பெற்றது. 1957-58இல் அக்கார் 'அம்பாசிடர்' என்னும் புதுப்பெயருடன் இந்தியச் சாலைகளில் ஓடத் தொடங்கியது. பிறந்த நாட்டில் மூன்றாம் வரிசை 1959ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. புகுந்த நாட்டிலோ அது ஐம்பது ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்தது. 2014ஆம் ஆண்டு மே மாதத்திலேயே உத்தர்பாரா ஆலை ஓய்ந்தது.

இடைப்பட்ட காலத்தில் அம்பாசிடர் ஏறாத பணியில்லை. அமைச்சரும் ஆட்சியரும் அதில் சென்றனர். மணமக்கள் மாலையுடன் அதில் ஊர்வலம் வந்தனர். நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற வாடகைக் காரும் அதுவே. உயர்ந்த கூரையும் அகன்ற பின்னிருக்கையும் கொண்ட அக்காரில் ஒரு குடும்பம் முழுவதும் நெருங்கி அமர்ந்து திருவிழாவுக்குச் சென்று திரும்பியது. விருதுநகரைப் போன்ற வாணிக நகரங்களில் மிளகாய், பருப்பு, எண்ணெய் வணிகர்களின் பயணங்களுக்கும் அது துணைநின்றது. கரிசல் நிலத்தின் மேடுபள்ளங்களைத் தாங்கும் உறுதி அதற்கு இருந்தது. பழுதுபட்டால் சிற்றூரின் பட்டறையிலேயே சீர்செய்துகொள்ளவும் முடிந்தது.

மெய்க்கார் இவ்வாறு புகழ்பெறுவதற்கு முன்பே அதன் சிற்றுருவங்களும் தோன்றிவிட்டன. இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரிலிருந்த மெக்கானோ நிறுவனம் 1934 முதல் 'டிங்கி' என்னும் பெயரில் உலோகக் கார்களைச் செய்து விற்றது. 1950ஆம் ஆண்டில் அவ்வரிசையில் மாரிஸ் ஆக்ஸ்போர்டும் சேர்ந்தது. அது மூன்றாம் வரிசைக்கு முந்திய வடிவமாகும். அக்கார் ஓர் ஆளின் உள்ளங்கையில் அடங்கியது. அதனினும் சிறிய கார்களுக்கு ஒரு காலம் வந்தது. அக்காலத்தைத் தோற்றுவித்தது ஒரு தீப்பெட்டி!

தீப்பெட்டி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சிவகாசி. மழை குறைந்து, வேளாண்மை பொய்த்த அவ்வட்டாரத்திலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922ஆம் ஆண்டு கல்கத்தாவுக்குச் சென்றனர். அங்கே தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பித் தம் ஊரில் அதனைத் தொடங்கினர். தீப்பெட்டிக்குப் படம் ஒட்ட வேண்டும். படத்திற்கு அச்சகம் வேண்டும். எரிமருந்தைக் கையாளும் அறிவோ பட்டாசுக்கும் பயன்பட்டது. இவ்வாறு ஒரு தொழிலிலிருந்து மூன்று தொழில்கள் கிளைத்தன. சிவகாசியும், அதனைச் சூழ்ந்த சாத்தூர், கோவில்பட்டி முதலிய ஊர்களும் கோடிக்கணக்கான தீப்பெட்டிகளை நாட்டிற்கு அளித்தன. அடிப்பெட்டி ஒன்று, அதன்மேல் நழுவிச் செல்லும் மேற்பெட்டி ஒன்று, மேற்பெட்டியின்மீது ஒரு படம் என்பதே அதன் அமைப்பு. அவ்வெளிய பெட்டி உலகெங்கும் ஏறத்தாழ ஒரே வடிவினது.

இலண்டனில் லெஸ்னி என்றொரு வார்ப்பு நிறுவனம் இருந்தது. லெஸ்லி, ராட்னி என்னும் நண்பர் இருவர் 1947இல் தம் பெயர்களின் பகுதிகளை இணைத்து அதனைத் தொடங்கினர். அவர்களோடு ஜாக் ஓடெல் என்னும் பொறிஞரும் சேர்ந்தார். ஓடெலின் மகள் பயின்ற பள்ளியில் ஒரு விதி இருந்தது. மாணவர் கொண்டுவரும் விளையாட்டுப்பொருள் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்குவதாக இருத்தல் வேண்டும் என்பதே அவ்விதி. தந்தையார் அவ்விதியைக் குறைகூறவில்லை. சாலையைச் சமன்செய்யும் உருளை வண்டி ஒன்றைப் பித்தளையில் மிகச் சிறியதாகச் செய்து, தீப்பெட்டிக்குள் வைத்து மகளிடம் கொடுத்தனுப்பினார். அதனைக் கண்ட தோழியர் தமக்கும் வேண்டும் என்றனர். ஒரு சிறுமிக்காகச் செய்த பொருள் ஒரு பெருந்தொழிலுக்கு வித்தாயிற்று.

1953ஆம் ஆண்டில் லெஸ்னி நிறுவனம் 'மேட்ச்பாக்ஸ்', அஃதாவது 'தீப்பெட்டி' என்னும் பெயரிலேயே தன் சிறிய வண்டிகளை வெளியிட்டது. அவற்றின் உறைகளும் தீப்பெட்டி போலவே அமைந்தன. உயரத்தில் மட்டும் சற்றுப் பருத்திருந்தன. சாலையுருளையே அவ்வரிசையில் முதல் எண்ணைப் பெற்றது. சிறுவர் தம் கைக்காசிலேயே வாங்கத்தக்க விலை வைக்கப்பட்டமையால் அவை விரைந்து பரவின. வரிசை எழுபத்தைந்து எண்கள் வரை வளர்ந்தது. 1958இல் 46ஆம் எண்ணாக மாரிஸ் மைனர் கார் வெளிவந்தது. பிரிட்டனின் குடும்பக் கார் உண்மையாகவே தீப்பெட்டிக்குள் புகுந்துவிட்டது!

இவ்விடத்தில் வியக்கத்தக்க ஒற்றுமை ஒன்று உண்டு. சிவகாசியின் தீப்பெட்டித் தொழில் கல்கத்தாவிலிருந்து வந்தது. மாரிஸ் காரின் கருவிகள் கல்கத்தாவின் அண்மைக்கு வந்து சேர்ந்தன. டிங்கிச் சிற்றுருவங்கள் சிலவற்றின் வார்ப்பச்சுகளும் 1960களின் இறுதியில் கல்கத்தாவுக்கே வந்தன. அங்கே அவை 'நிக்கி' என்னும் பெயருடன் இந்தியச் சிறுவர்க்காக மீண்டும் வார்க்கப்பட்டன. தீக்குச்சி, கார், காரின் சிற்றுருவம் ஆகிய மூன்றும் அவ்வொரு நகரத்தின் வழியே நம் நாட்டில் வேரூன்றின. நிக்கிக் கார்களை இன்று பல நாட்டுத் தொகுப்பாளர்கள் தேடுகின்றனர். வடிவம் இங்கிலாந்தினது; உலோகமும் வண்ணமும் உழைப்பும் இந்தியாவின. ஒரு சிறு பொருளின் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தால் இரு நாடுகளின் தொழில் வரலாறு தெரிகின்றது.

இனி, சிற்றுருவத்தின் கணக்கைக் காண்போம். அம்பாசிடர் காரின் நீளம் ஏறத்தாழ 432 சென்டிமீட்டர். அகலம் 166 சென்டிமீட்டர். உயரம் 160 சென்டிமீட்டர். தொகுப்பாளர்கள் பெரிதும் விரும்பும் விகிதம் 1:43 என்பதாகும். இவ்விகிதத்தில் நீளம் பத்துச் சென்டிமீட்டராகவும், உயரம் 3.7 சென்டிமீட்டராகவும் குறையும். 1:18 என்னும் பெரிய விகிதத்தில் நீளம் 24 சென்டிமீட்டர். 1:76 என்னும் சிறிய விகிதத்தில் ஆறு சென்டிமீட்டருக்கும் குறைவு.

நாற்பத்து மூன்று என்னும் எண் எவ்வாறு வந்தது? பிரிட்டனில் பொம்மை இரயில் செய்தவர்கள், மெய்யான இரயிலின் ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்னும் கணக்கைக் கைக்கொண்டனர். ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர். அதனை ஏழால் வகுத்தால் ஏறத்தாழ நாற்பத்து மூன்றரை கிடைக்கும். இரயில் நிலையத்தின் வாயிலில் நிறுத்துவதற்காகச் செய்யப்பட்ட கார்கள் அவ்வளவையே பின்பற்றின. ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்று கொண்ட சிறிய இரயிலிலிருந்து 76 என்னும் எண் பிறந்தது. பொருளற்றது போலத் தோன்றும் ஓர் எண்ணுக்குப் பின்னும் காரணம் இருத்தலை இதனால் அறியலாம்.

விகிதத்தைப் பேணுதல் எளிதன்று. 1:43 அளவுள்ள காரில் ஒரு மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால், அது மெய்க்காரில் நான்கு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பிழைக்குச் சமமாகும். அம்பாசிடரின் கூரை அத்துணை தாழ்ந்தால் அது அம்பாசிடராகத் தோன்றாது. மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. மெய்க்காரில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை அதே விகிதத்தில் குறைத்தால், அது எழுதும் தாளினும் மெல்லியதாகிவிடும். அவ்வளவு மெல்லிய உலோகத்தை வார்க்கவும் இயலாது. கையில் எடுக்கவும் இயலாது. ஆகவே கலைஞன் வெளித்தோற்றத்தின் அளவுகளைக் காத்து, உள்ளே கனத்தைக் கூட்டிக்கொள்கின்றான். எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுத்தல் ஆகாது என்று அறிவதே அவனது திறமை.

இச்சிற்றுருவங்கள் செய்யப்படும் முறையும் அறியத்தக்கது. முதலில் மெய்க்காரின் வரைபடங்களையும் ஒளிப்படங்களையும் கொண்டு, செய்யவேண்டிய அளவினும் பெரியதாக ஒரு மாதிரியை உருவாக்குவர். அதனைப் பார்த்துக் குறைத்து, கடினமான எஃகில் வார்ப்பச்சு வெட்டுவர். உருக்கிய துத்தநாகக் கலவையை மிகுந்த அழுத்தத்துடன் அவ்வச்சுக்குள் செலுத்தினால், காரின் மேலோடு ஒரே வீச்சில் கிடைத்துவிடும். பின்னர்ப் பிசிர் நீக்கி, வண்ணம் தெளித்து, கண்ணாடி, சக்கரம், அடித்தட்டு ஆகியவற்றைப் பொருத்துவர். வார்ப்பச்சு வெட்டப் பெருஞ்செலவாகும். ஆனால் ஓர் அச்சிலிருந்து பல்லாயிரம் கார்களை வார்க்கலாம். இதனாலேயே குறைந்த விலைக்கு விற்றல் இயலுகின்றது.

உலோகத்தின் தூய்மை இங்கே இன்றியமையாதது. துத்தநாகத்தில் சிறிதளவு காரீயம் கலந்துவிட்டாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல உட்புறமிருந்தே வெடிப்புகள் தோன்றும். மேலோடு வளைந்து, பொரிந்து, இறுதியில் பொடியாகும். இரண்டாம் உலகப்போருக்கு முன்னர்ச் செய்த டிங்கிக் கார்கள் பல இவ்வாறே அழிந்தன. வார்க்கும் நாளில் கண்ணுக்குத் தெரியாத கலப்பு, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர்த் தன்னை வெளிப்படுத்திக்கொள்கின்றது.

தொகுப்பவர்க்கு மூன்று பண்புகள் வேண்டும். அவற்றுள் முதலாவது கூர்ந்து நோக்குதல். எல்லா அம்பாசிடரும் ஒன்றுபோலவே தோன்றும். உண்மையில் அவை வேறுபட்டவை. 1960களின் தொடக்கத்தில் வந்த இரண்டாம் வடிவத்தின் முகப்பில் சதுரக் கட்டங்களாலான கம்பித்தட்டி காணப்படும். பின்னர் வந்த வடிவங்களில் முகப்பும் சிறு விளக்குகளும் மாறின. 1990களில் இசுசு என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் எஞ்சினும் சேர்க்கப்பட்டது. முகப்பை மட்டும் கண்டே இஃது எக்காலத்துக் கார் என்று தேர்ந்தவர் கூறிவிடுவர். இந்தியப் பொம்மை நிறுவனங்கள் பிளாஸ்டிக்கில் செய்த அம்பாசிடர்கள் உண்டு. பின்னோக்கி இழுத்து விட்டால் அவை முன்னோக்கி ஓடும். உலக நாடுகளின் வாடகைக் கார்கள் என்னும் வரிசையில் அயல்நாட்டார் செய்த உலோக அம்பாசிடரும் உண்டு. எது மெய்க்காருக்கு நெருக்கமானது, எது எவ்விடத்தில் பிழைபட்டது என்று ஒப்பிட்டுக் காண்பதே தொகுப்பின் இன்பம்.

இரண்டாவது, குறித்து வைத்தல். ஒவ்வொரு சிற்றுருவத்துக்கும் ஓர் எண் தந்து, செய்த நிறுவனம், ஆண்டு, விகிதம், வண்ணம், கிடைத்த இடம், கொடுத்த விலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். குறிப்பில்லாத தொகுப்பு பொருள்களின் குவியலே ஆகும். காரோடு வந்த அட்டைப்பெட்டியையும் எறிந்துவிடலாகாது. பெட்டியிலுள்ள படமும் எழுத்தும் அக்காலத்தின் சான்றுகள். பெட்டியோடு கூடிய பழைய காருக்கு மதிப்பு மிகுதி. விருதுநகர் மாவட்டத்தின் வெயிலையும் புழுதியையும் அறிந்தவர், தம் தொகுப்பைச் சாளரத்தின் அருகில் வைக்கமாட்டார். கடும் ஒளி வண்ணத்தை வெளுக்கச் செய்யும்.

மூன்றாவது, நேர்மை. பழைய காருக்குப் புதிய வண்ணம் பூசிப் பழையது என்றே விற்போரும் உளர். அரிய நிறத்தைப் போலியாகப் பூசி ஏமாற்றுவோரும் உளர். பழுதை நீக்குதல் குற்றமன்று; நீக்கியதை மறைத்தலே குற்றம். எப்பகுதி முதலிலிருந்தே உள்ளது, எப்பகுதி பின்னர் மாற்றப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பவரே உண்மையான தொகுப்பாளர்.

தொகுக்கும் பொருள்களைப் பற்றிக் கேட்கவேண்டிய வினா மற்றொன்றும் உண்டு. அவை யாருடைய கைகளால் ஆயின? இலண்டனில் ஒரு சிறுமி தீப்பெட்டிக்குள் உருளை வண்டியை வைத்துப் பள்ளிக்குச் சென்றாள். அக்காலத்திலும், அதன் பின்னர்ப் பல பத்தாண்டுகளிலும், சிவகாசி வட்டாரத்தில் எத்தனையோ சிறுமியர் தீப்பெட்டி ஒட்டுவதற்காகப் பள்ளியைத் துறந்தனர். பொழுது புலருமுன் ஆலைப் பேருந்துகள் சிற்றூர்களுக்கு வந்து அவர்களை ஏற்றிச் சென்றன. சிறு விரல்கள் சட்டங்களில் குச்சி அடுக்கின. அடிப்பெட்டியும் மேற்பெட்டியும் ஒட்டின. பெட்டியின் வடிவம் ஒன்றே. அங்கே அது குழந்தைக்கு விளையாட்டாயிற்று. இங்கே அது குழந்தைக்கு வேலையாயிற்று.

இந்நிலை மாறுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, 1956ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. பசியால் வேலைக்குச் செல்லும் குழந்தையைப் பள்ளிக்கு அழைக்கும் முயற்சி அது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசுத் தொழில்களில் பதினான்கு அகவைக்கு உட்பட்டோரை அமர்த்துதலைத் தடைசெய்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றித் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. குழந்தையை வேலைக்கு அமர்த்தியவர் ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாயை அக்குழந்தையின் நலநிதிக்குச் செலுத்தவேண்டும் என்று அத்தீர்ப்பு ஆணையிட்டது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லாத் தொழில்களுக்கும் தடையை விரிவாக்கி, பதினெட்டு அகவை நிரம்பாதவரை இடர் மிகுந்த தொழில்களில் அமர்த்துதலையும் தடுத்தது. பழைய தீப்பெட்டிப் படம் ஒன்றையோ, சிறிய கார் ஒன்றையோ கையில் எடுப்பவர், அதன் அழகோடு அதனைச் செய்த கைகளையும் எண்ணிப்பார்த்தல் தகும்.

விலைகொடுத்து வாங்கும் வசதி உடையோர்க்கே இக்கலை உரியது என்று கருதவேண்டுவதில்லை. சிவகாசி வட்டாரத்தில் தாளுக்கும் அட்டைக்கும் குறைவில்லை. ஆண்டு கழிந்த நாட்காட்டியின் அட்டையே ஒரு கார் செய்யப் போதுமானது. ஊரில் எஞ்சியுள்ள ஓர் அம்பாசிடரின் உரிமையாளரிடம் இசைவுபெற்று, அளவுநாடா ஒன்றால் அதனை அளக்கலாம். முன்தாங்கி முதல் பின்தாங்கி வரையுள்ள நீளம், சக்கரத்தின் மையத்திலிருந்து மற்றைச் சக்கரத்தின் மையம் வரையுள்ள தொலைவு, கதவின் அகலம், கூரையின் உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் 1:20 என்னும் விகிதத்தைக் கொண்டால், 432 சென்டிமீட்டர் 21.6 ஆகும், 166 சென்டிமீட்டர் 8.3 ஆகும், 160 சென்டிமீட்டர் 8 ஆகும். அவ்வளவுகளின்படி பக்கங்களை வரைந்து, வெட்டி, மடித்து ஒட்டினால் காரின் வடிவம் கிடைக்கும். வளைவுகள் முதன்முறை சரியாக அமையா. இரண்டாம் முறை செய்யும்போது, மெய்க்காரை மீண்டும் சென்று காணவேண்டும் என்னும் எண்ணம் தோன்றும். நாள்தோறும் கண்டும் காணாத வளைவுகள் அப்பொழுதுதான் கண்ணுக்குப் புலனாகும்.

கணக்கில் ஆர்வமுடையோர் இன்னும் ஒரு வினாவுக்கு விடைகாணலாம். சிவகாசித் தீப்பெட்டிக்குள் அம்பாசிடரை அடக்க எவ்வளவு குறைத்தல் வேண்டும்? அடிப்பெட்டியின் உள்ளுயரம் 1.2 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். 160ஐ 1.2ஆல் வகுத்தால் 133க்குச் சற்று மேற்படும். 1:140 என்று கொண்டால் கார் எளிதில் அடங்கும்; அதன் நீளம் மூன்று சென்டிமீட்டருக்குச் சிறிதே மிகும். பெட்டியின் நீளத்தில் இடம் மிகுந்திருப்பினும், உயரமே எல்லையை வகுக்கின்றது. இலண்டன் நிறுவனம் தன் உறையைச் சற்றுப் பருக்கச் செய்ததன் காரணம் இக்கணக்கால் விளங்குகின்றது.

மெய்யான கார்களைக் காண விரும்புவோர்க்கு இடமும் உண்டு. கோயம்புத்தூரில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பல நாட்டுப் பழைய கார்கள் காக்கப்படுகின்றன. ஆயினும் எல்லாக் கார்களையும் அருங்காட்சியகத்தில் வைத்தல் இயலாது. பல்லாயிரம் அம்பாசிடர்கள் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயின. எஞ்சியவையும் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன. மிகுதியாக வழங்கிய பொருளே முதலில் மறைந்துபோகும்; எங்கும் இருக்கிறதே என்று எண்ணி அதனை எவரும் காப்பதில்லை. தீப்பெட்டிப் படத்திற்கும் அஃதே நிலை. குடும்பக் காருக்கும் அஃதே நிலை.

உத்தர்பாரா ஆலையின் ஒலி அடங்கிவிட்டது. அம்பாசிடரில் ஏறி மணவிழாவுக்குச் சென்ற தலைமுறையும் முதுமை எய்தியுள்ளது. 'தாத்தா, உங்கள் காலத்துக் கார் எப்படி இருந்தது?' என்று ஒரு பேரன் கேட்கும்போது, சொல்லால் மட்டும் விடைகூற இயலாது. அளவு பிறழாது நாட்காட்டி அட்டையில் செய்த சிறிய கார் ஒன்று மேசைமேல் இருக்குமாயின், அவர் அதனைக் கையில் எடுப்பார்; கூரையின் வளைவைத் தடவுவார்; பின்னிருக்கை இருந்த இடத்தைச் சுட்டிக்காட்டுவார். அன்று அக்காரில் நெருங்கி அமர்ந்திருந்தவர்கள் யார் யார் என்பதையும் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்குவார்.